பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்

முதலில் நான் செய்து முடித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நீங்கள் எழும்பிப் போயிருப்பீர்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் ஏராளம். நான் அதே டைனமோவில் ஒரு கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி பூட்டியவன். அரைப்பாட்டு வரைக்கும் பாடியது. அதற்குள் மிதித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தம்பிக்கு மூச்சு வாங்கிவிட்டது. சண்டையில் உடுத்த சாரத்தோடு மயிலிட்டியிலிருந்து வெளிக்கிட்டு, குருநகர்க் கரையில் வள்ளங்களின் என்ஜின் திருத்தி, அதே எண்ணெய்க் கையால் கொம்பியூட்டரைத் திறந்து பார்த்தவன் நான். ஐஸ் ஆலைகள், சீமெந்துக் கடைகள், ஒரு தனியார் வைத்தியசாலை, சாவகச்சேரியில் ஒரு கலியாண மண்டபம், எல்லாவற்றிலும் ஓடும் கேபிள் நான் இழுத்தது. கலியாண மண்டபத்தில் மட்டும் வேலை செய்யவில்லை. அது எலியின் குற்றம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டுவிட்டேன் என்று வெளியில் சொல்வேன். பள்ளிக்கூடத்தைக் கேட்டால் அது வேறு மாதிரிச் சொல்லும். ஆங்கிலம் நான் படித்தது சாமான் வந்த பெட்டிகளின் மேல். ‘இந்தப் பக்கம் மேலே’, ‘நனைய விடாதே’, ‘கவிழ்க்காதே’ ஆகிய மூன்றிலும் எனக்கு நல்ல புலமை உண்டு. அந்தப் புலமையோடு தொடங்கிய நிறுவனத்தில்தான் இன்றைக்கு நீங்கள் குளிரூட்டிய அறையில் இருக்கிறீர்கள்.

புதிதாய்ச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று, நிறுவனத்தை இப்போது நடத்தும் தம்பி தங்கச்சிமார் என்னைக் கேட்டார்கள். விஷயத்தையும் அவர்களே தந்தார்கள்: சேர்வர், சுவிச் முதலான சாமான்களை ஒரே கொம்பனியிடம் வாங்குவதா, பலரிடம் பிரித்து வாங்குவதா? இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் வடக்கில் இல்லை. இரண்டு வழியிலும் போய், இரண்டிலும் தலையை இடித்துக்கொண்டவன் நான்.

கொழும்புத்துறையில் அன்ரனிற்றா என்று ஒரு பெண். குருநகரில் வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டி வீட்டுப் பிள்ளை. அண்ணன்மாரின் வள்ளங்களை நம்பிக் கரையோரத்தில் ஒரு நண்டுத் தொழிற்சாலை தொடங்கினார். நண்டை அவித்து, ஓடு உடைத்து, சதையைப் பிரித்தெடுத்து, குளிர் அறையில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். உடைப்பதும் பிரிப்பதும் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். வாங்குகிற வெளிநாட்டுக்காரர் நண்டின் முகத்தைப் பார்த்து வாங்குவதில்லை. குளிர் அறை எந்த நேரத்தில் எவ்வளவு குளிராக இருந்தது என்ற எண்களைப் பார்த்துத்தான் வாங்குவார். அந்த எண்கள் குளிர் அறையிலிருந்து கேபிள் வழியாக வந்து சேர்வரில் சேரவேண்டும். கொஞ்ச நேரம் எண் வராவிட்டால், அந்த நேரம் முழுக்க நண்டு வெயிலில் கிடந்தது என்று அவர் எடுத்துக்கொள்வார்.

இந்த வேலை எனக்கு வந்தது. என்ன சாமான் வாங்குவது என்று அன்ரனிற்றா கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. கரையில் போய்ப் பாருங்கள், எல்லா வள்ளத்திலும் ஒரே கொம்பனி என்ஜின்தான் இருக்கும். நடுக்கடலில் பிளக் செத்துப்போனால் பக்கத்து வள்ளக்காரரிடம் வாங்கிப் பூட்டிக்கொண்டு கரைக்கு வரலாம். புதினமாய் வேறு என்ஜின் வாங்கியவர் சாரத்தைக் கழற்றி வீசிக் கூப்பிடவேண்டியதுதான். ஆகவே எல்லாம் ஒரே கொம்பனி என்றேன். வேறு யாருக்கும் என்றால் விளங்கப்படுத்தியிருக்கவேண்டும். சம்மாட்டி வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கொழும்பு முகவர் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். கொம்பனிப் பெயர் போட்ட வெள்ளைச் சேட் ஒன்று தந்தார். அதை இரண்டு கலியாணத்துக்கும் ஒரு செத்த வீட்டு அந்தியேட்டிக்கும் போட்டுக்கொண்டு போனேன். கொம்பனிப் பெயர் போட்ட பெரிய சுவர் மணிக்கூடு ஒன்றும் தந்தார். அதை வீட்டில் மாட்ட மனைவி விடவில்லை. “உது என்ன, பஸ் நிலையமோ?” என்று கேட்டாள். அந்த மணிக்கூட்டை மறந்துவிடாதீர்கள்; அது திரும்ப வரும்.

சில வருடம் எல்லாம் நன்றாக ஓடியது. பிறகு, கேபிள்களை ஒன்றோடு ஒன்று சேர்க்கும் சுவிச் பெட்டி ஒன்று செத்தது. கைவசம் இருந்த ஸ்பெயரைப் பூட்டினேன். பூட்டிவிட்டு, என் முன்யோசனையைப் பற்றி நண்டு உடைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரு பிரசங்கமும் வைத்தேன். அந்தக் கிழமையே ஸ்பெயரும் செத்தது. பிறகு இன்னொன்று. கழற்றிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் உப்புக்காற்று தின்றிருந்தது. எல்லாம் ஒரே கொம்பனி. அது மட்டுமல்ல, ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்து ஒரே கப்பலில் வந்த சகோதரங்கள். குணமும் ஒன்று, வருத்தமும் ஒன்று.

அது நாட்டில் டொலர் இல்லாமற்போன காலம். பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. சுவிச்சுக்கு மட்டும் வரிசை இல்லை; ஏனென்றால் சுவிச்சே இல்லை. கப்பல் வரட்டும் ஐயா என்று முகவர் சொன்னார். பிறகு ரெலிபோன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கரையில் எல்லா வள்ளத்துக்கும் ஒரே நாளில் பிளக் செத்தால் யாரிடம் கடன் வாங்குவது? இந்தக் கேள்வியைக் கடல் என்னிடம் கேட்டதில்லை. கரையில் ஆளுக்கொரு காலத்தில் என்ஜின் வாங்குவார்கள், ஒன்று பழசு ஒன்று புதிசாக இருக்கும். நான் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த வழக்கம் எதனால் ஓடுகிறது என்பதை விட்டுவிட்டேன்.

எண் அறுந்தது. வாங்குகிறவர் நண்டைத் திருப்பிவிட்டார். அப்புறம் பெரிய மனது பண்ணி, சாமானை எல்லாம் ஒழுங்குபடுத்துங்கள், என் ஆள் ஒருவர் வந்து பார்ப்பார், அன்றைக்கும் எண் அறுந்திருந்தால் இதோடு சரி என்று சொல்லியனுப்பினார். அன்ரனிற்றா என்னிடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டுத் தப்பியிருப்பேன்.

“அண்ணை, இன்னொருக்கா அறுந்தால் நான் கதவைச் சாத்திறதுதான். பேந்து உந்தப் பெண்டுகள் கரையிலை நிண்டு, வியாபாரி சொல்லுற விலைக்கு நண்டைக் குடுத்திட்டுப் போகவேண்டியதுதான். இந்த முறை எல்லாத்தையும் ஒருத்தன்ரை கையிலை குடுக்காதேங்கோ.”

கொடுக்கவில்லை. இறக்குமதி திறந்ததும் நான் மறுபக்கம் பாய்ந்தேன். சேர்வர் கொழும்பில் ஒரு கொம்பனியிடம். சுவிச்சுகள் யாழ்ப்பாண நகரில் வேறொருவரிடம். குளிர் அறையில் குளிரை அளந்து அனுப்பும் பெட்டி சாவகச்சேரியில் மூன்றாவது ஆளிடம். அத்தனை முகவர்களும் என்னைத் தேடி வந்த அந்தக் காலம் என் வாழ்க்கையின் பொற்காலம். நான் நடந்தால் கதவு திறந்தது. இருந்தால் தேத்தண்ணி வந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, “ம், யோசிப்பம்” என்று சொல்லப் பழகினேன். அந்த ஒரு சொல்லுக்கே இரண்டு முறை மத்தியானச் சாப்பாடு கிடைத்தது.

மூன்று பேரையும் வெவ்வேறு நாளில் வரச்செய்தேன். ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று அன்ரனிற்றாவுக்குக் காரணம் சொன்னேன். மூன்று படித்த பிள்ளைகள் ஒன்றாக இருந்து ஆங்கிலத்தில் கதைத்தால் நான் எந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டுவது என்பதுதான் உள்ளே இருந்த காரணம்.

போகும்போது ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எங்கள் பெட்டியை நாங்கள் பார்ப்போம், அடுத்தவரின் பெட்டியோடு இது சேருகிற இடத்தை யார் பார்ப்பது? நான் நெஞ்சை நிமிர்த்தி, “அதை நான் பாக்கிறன்” என்றேன். மூன்று பேருக்கும் அதே பதில். சேர்வர்காரர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக ஒரு நேரம் இருக்கவேண்டும், அதற்கும் ஒழுங்கு செய்யுங்கள் ஐயா என்றார். அதையும் நான் பாக்கிறன் என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான். அன்று பின்னேரமே வீட்டிலிருந்து அந்த மணிக்கூட்டைக் கொண்டுவந்து, பெட்டிகளுக்கு நேரெதிரே, எல்லாவற்றுக்கும் நன்றாகத் தெரியும்படி மாட்டிவிட்டேன்.

சிரிக்கலாம். நீங்கள் சிரிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் உங்களில் எத்தனை பேர் போன கிழமை ஒரு கூட்டத்தில் விளங்காமல் தலையாட்டினீர்கள் என்பதையும் சிரிப்பினிடையே நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவரின் ஆள் வந்த நாளைச் சொல்கிறேன். அவர் நகரத்தில் தங்கியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொழிற்சாலைக்கு வருவதாக ஏற்பாடு. நான் அந்த வெள்ளைச் சேட்டைக் கொம்பனிப் பெயர் தெரியாமல் உள்பக்கம் மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, காலையிலேயே போய் நின்றேன். மின்சாரம் ஒருக்கால் போய் வந்தது. வந்த பிறகு திரையில் எண் இல்லை. குளிர் அறைக்குள் கை வைத்தால் விறைக்கிறது. நண்டு சுகமாக இருக்கிறது. திரையில் மட்டும் ஒன்றுமில்லை.

சுவிச்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எல்லா விளக்கும் பச்சை, என் பக்கம் பிழையில்லை என்றார். சாவகச்சேரிக்காரர் வந்தார். என் பெட்டி நிற்காமல் அளந்து அனுப்புகிறது என்றார். சேர்வர்காரரைக் கொழும்பில் ரெலிபோனில் பிடித்தேன். சேர்வர் நல்ல விழிப்பாக இருக்கிறது ஐயா என்றார். மூன்று பேரும் சொன்னது உண்மை. மூன்று உண்மையையும் கூட்டினால் விடை வெறும் திரை.

அப்படியென்றால் நடுவில்தான் பிழை, நடுவை யார் பார்ப்பது என்று கேட்டேன். சுவிச்காரர் மிகவும் மரியாதையான பிள்ளை. “அண்ணை, அதை நீங்கள் பாக்கிறன் எண்டெல்லோ சொன்னனீங்கள்,” என்றார். சாவகச்சேரிக்காரரும் தலையாட்டினார். எனக்கு அவர் தலையாட்டிய விதம் பழக்கமானதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பழைய கொழும்பு முகவர் தானாகவே எனக்கு ரெலிபோன் எடுத்தார். குடாநாட்டில் நான் வழுக்கி விழுந்தால், நிலத்தில் படும் முன்பே கொழும்புக்குச் செய்தி போய்விடும். இப்போது அவரிடம் சாமான் இருந்தது, யாழ்ப்பாணத்திலேயே இருந்தது. “எல்லாத்தையும் கழட்டி எறியுங்க ஐயா. அவர் வர முந்தி முழுக்க எங்கட சாமான் பூட்டித் தாறன். பிறகு உங்களுக்கு ஒரு ரெலிபோன் நம்பர் போதும். ஏன் இந்த வயசில மூண்டு பேரோட மல்லுக்கட்டுறீங்க?”

பிள்ளைகளே, அது எவ்வளவு இனிமையாகக் கேட்டது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரே கை. ஒரே நம்பர். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அன்ரனிற்றா கையுறையோடு வாசலில் நின்றார். பின்னால் பெண்கள் நண்டு உடைப்பதை நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கூடத்தில் அந்தச் சத்தம் நின்று நான் கேட்டதில்லை.

“அண்ணை, அவர் எல்லாத்தையும் மாத்தின பிறகும் எண் வராட்டி?”

“அவரைக் கேக்கலாம்.”

“போன முறையும் அவரைத்தானே கேட்டனாங்கள்.”

ரெலிபோனை வைத்தேன். வைத்த பிறகுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது முழுதாகத் தெரிந்தது. சுவிச்சுக்குள் நடப்பது தெரியாது, சேர்வருக்குள் நடப்பது தெரியாது. எனக்குத் தெரிந்தது கரை மட்டும்தான். போன முறை கரையை நம்பித்தான் கவிழ்ந்தேன். என்றாலும் கையில் வேறு சரக்கு இல்லை.

கடலில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு எறிகிறவர், எறிந்ததோடு திரும்பிவிடமாட்டார். மற்றவர் ‘பிடிச்சிட்டன்’ என்று குரல் கொடுக்கும்வரை தன் பக்கத்துக் கயிற்றைக் கையில் வைத்திருப்பார். கயிறு தண்ணீரில் விழுந்தால், நான் எறிந்தேன் என்ற கதை அங்கே எடுபடாது.

மூன்று பேரையும் ஓரிடத்தில் சேர்த்தேன். இரண்டு பேர் நண்டு உடைக்கும் மேசையில். சேர்வர்காரர் ரெலிபோனில்; சத்தம் போதாது என்று அந்த ரெலிபோனை ஒரு எவர்சில்வர்ச் சட்டிக்குள் வைத்தோம். ஒரே கேபிளில் மாதக்கணக்காக வேலை செய்தவர்கள் அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் பெயர் கேட்டார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் சொன்னேன். அடுத்தவர் பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. நான் எதை எறிகிறேன், எதைப் பிடித்தேன், அவ்வளவுதான் கதைக்கலாம்.

சாவகச்சேரிக்காரர் தொடங்கினார். “எண் ஒண்டு எறியிறன்.”

“பிடிச்சிட்டன்,” என்றார் சுவிச்காரர். “அப்பிடியே சேர்வருக்கு எறியிறன்.”

சட்டிக்குள்ளிருந்து ‘பிடிச்சிட்டன்’ வரவில்லை.

“தம்பி, பிடிச்சனீரோ?” என்று சட்டியைப் பார்த்துக் கேட்டேன்.

“வாசலுக்கு வருது ஐயா. ஆனா உள்ள எடுக்கல்ல.”

“ஏன் எடுக்கேல்லை?”

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம். “ஐயா, இந்த எண் இன்னும் வராத நேரத்தில அளந்ததா வருது. இப்ப இருக்கிற நேரத்துக்குப் பிறகு அளந்ததாம். இன்னும் நடக்காததை எங்கட சேர்வர் எப்பிடி ஐயா எடுக்கும்?”

சாவகச்சேரிக்காரர் ஓடிப்போய்த் தன் பெட்டியைப் பார்த்தார். ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் அதன் நேரம் கொஞ்சம் முன்னால் தாவியிருந்தது. அன்று காலை தாவியது சேர்வர் பொறுக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்து, “அண்ணை, மூண்டு பெட்டிக்கும் பொதுவா நேரம் எங்கையிருந்து வருது?” என்று கேட்டார்.

சுவரைப் பார்த்தேன். அவர்களும் பார்த்தார்கள். மணிக்கூடு மிகவும் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்ரனிற்றா கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பிறகு கூடத்தில் எழுந்த சிரிப்புச் சத்தம் கடலில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மற்றது நீங்கள் படித்த விஷயம்; உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று பெட்டியும் ஒரே இடத்தில் நேரம் கேட்டுக்கொள்ளச் செய்தார்கள். வாசலில் காத்து நின்ற எண்களெல்லாம், நேரம் திருத்தப்பட்டது என்ற அடையாளத்தோடு உள்ளே வந்தன. எண் அறவில்லை. ஆனால் அடையாளம் கண்ணுக்குத் தெரிந்தது.

வந்தவருக்கும் தெரிந்தது. விரலை அங்கேயே வைத்தார். இது என்ன என்று கேட்டார். இப்படி நடந்தால் இங்கே யார் பொறுப்பு என்றும் கேட்டார். அன்ரனிற்றா அதைத் தமிழில் சொன்னார். சுவிச்காரர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். சாவகச்சேரிக்காரர் கூரையைப் பரிசோதித்தார். சட்டிக்குள் இருந்த ரெலிபோன் தானாகவே துண்டித்துக்கொண்டது. அன்ரனிற்றா என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தொழிற்சாலை வந்தவரின் விரலுக்குக் கீழே இருந்தது.

“அது என்ரை,” என்றேன். “பெட்டியள் இவையின்ரை. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலை இருக்கிறது என்ரை. அதை நான் பாக்கிறன்.”

அந்தச் சொல்லை ஐந்தாவது முறை சொன்னேன். அதன் பாரம் தெரிந்து சொன்னது அதுதான் முதல்முறை.

அவர் விளக்கம் கேட்டார். கயிற்றைக் கையால் எறிந்து காட்டினேன். மணிக்கூட்டையும் காட்டினேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டார். போகும்போது அன்ரனிற்றாவிடம் ஏதோ சொன்னார். தான் போகும் இடங்களில் ‘யார் பொறுப்பு’ என்ற கேள்விக்கு ஒரு ஆள் உடனே பதில் சொன்னது அபூர்வமாம். நண்டு போனது. இன்றைக்கும் போகிறது.

ஆகவே, ஒன்றா பலவா என்று கேட்டால், பலவற்றை வாங்குங்கள். ஆனால் சந்தையில் மீன் வாங்குவதுபோல் எல்லாக் கடையிலும் வாங்காதீர்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பூட்டவேண்டியவை ஒரே இனமாக இருக்கட்டும். அவை ஒரே கப்பலில் வந்த சகோதரங்களாக இருக்கவேண்டாம். சேர்ந்து சாகக்கூடாதவற்றை வேறுவேறு கையில் கொடுங்கள். வாங்க முந்தி, விற்கிறவர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் இருத்துங்கள். நீங்கள் முட்டாளாகத் தெரிவீர்கள். தெரியட்டும், பழகிவிடும்; நான் பழகிவிட்டேன். ஒரே கொம்பனியிடம் வாங்கினால் பிழைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் ரெலிபோன் எடுக்காத நாள்வரைக்கும். பலரிடம் வாங்கினால் அந்தச் சொந்தக்காரர் நீங்கள். அதற்கு ஆள் இல்லாவிட்டால் பிரித்து வாங்காதீர்கள்.

இனி என் வழக்கு.

சேர்வர்க் கொம்பனியின் இணையத்தளத்தில் அந்த நண்டுத் தொழிற்சாலையின் படம் இருக்கிறது, தங்கள் வெற்றியாம். சப்பாத்து நாடா கட்டியவரின் கடையிலும் அதே படம், பெரிய அளவில். கூரையைப் பரிசோதித்தவர் அதை நாட்காட்டியாகவே அடித்துவிட்டார். பழைய முகவர்கூட விடவில்லை. படத்தில் சுவர் மணிக்கூடு தெரிகிறது, அதில் அவர் கொம்பனிப் பெயர் தெரிகிறது, அது அவருக்குப் போதுமாக இருந்தது. எங்கள் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ‘எமது குழுவினர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலையில் குழுவினர் யாரையும் நான் அங்கே காணவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பெட்டியிலும் செய்தவரின் பெயர் பொறித்திருக்கிறது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் பெயர் இல்லை. பழுதான அன்று அது யாருடையது என்று கேட்டபோது ஒருவன்தான் வாய் திறந்தான். நன்றாக ஓடுகிற இன்றைக்கும் அது அவனுடையதுதான். பெட்டிகளுக்கு எதிரே ஒரு பெயர்ப்பலகை பூட்டுங்கள். நீங்கள் கூப்பிடுவதுபோல் வயர் அண்ணை என்று போடவேண்டாம். ஆறுமுகம் பொன்னுத்துரை என்று முழுப்பெயரையும் போடுங்கள். விருப்பமென்றால் பக்கத்தில் எட்டாம் வகுப்பு என்றும் போடலாம்.

சுவரில் புதிதாய் ஆணி அடிக்கத் தேவையில்லை. அந்த மணிக்கூட்டைக் கழற்றினால் போதும்.